ஆறு விநாடித் தூக்கம்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மூளை அலைப் பரிசோதனை அறையில் பதினாறு வருடமாக நோயாளிகளின் தலையில் பசை வைத்துக் கம்பி ஒட்டுவது அவள் வேலை. நாடாவால் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி குறித்து, அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இருபத்தொரு கம்பிகளையும் இருபது நிமிடத்தில் ஒட்டிவிடுவாள்.

"ஷாக் வைப்பீங்களா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

"இது கரண்ட் குடுக்கிற மெஷின் இல்லீங்க. உங்க தலைக்குள்ள ஓடுற துளியூண்டு கரண்ட்டை ஒட்டுக் கேக்கிற மெஷின். பயப்படாதீங்க, உங்க ரகசியமெல்லாம் இதுல விழாது" என்பாள். சிரித்த தலையில் கம்பி நன்றாக ஒட்டும் என்பது அவள் அனுபவம்.

சிலரை முந்தைய இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு வரச் சொல்வார்கள். மூளையில் இருக்கிற கோளாறு சில பேரிடம் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் நல்ல பிள்ளை போல அடங்கியிருக்கும். தூக்கம் கெட்ட மறுநாள்தான் வாலாட்டும். அதனால் அவள் தினமும் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" பதிலைத் தாளில் எழுதிக்கொள்வாள். அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால், மூன்று மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக என்று சொல்லியிருப்பாள். மாமனாருக்கு ஞாபகம் குழம்பிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. பகலெல்லாம் தூங்குவார், ராத்திரியானால் சட்டை மாட்டிக்கொண்டு, எப்போதோ ஓய்வு பெற்ற மில் வேலைக்குக் கிளம்புவார். தாழ்ப்பாளை நீக்கிவிட்டு இரண்டு முறை தெருவுக்கே போய்விட்டார். அன்றிலிருந்து வாசற்கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுத்தான் அவள் படுத்தாள். கணவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். பத்தாவது படிக்கும் மகளை எழுப்பிக் காவலுக்கு வைக்க மனசு வரவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த நாத்தனாரோ, "எனக்கு முதுகு வலி அண்ணி, அப்பாவைப் பிடிச்சு நிறுத்த முடியாது" என்று சொல்லிவிட்டாள். பெற்ற மகளே கைகழுவிய பிறகு மருமகள் எங்கே போவது? பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். காலையில் முகம் கழுவி, காபி குடித்து, மகளை ஸ்கூட்டரில் பள்ளியில் இறக்கிவிட்டு எட்டரைக்கு வேலைக்கு வந்துவிடுவாள்.

ஒரு நாள் காலையில் இரண்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து வயதிருக்கும். இருவரும் ராத்திரி விழித்து வந்தவர்கள். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வெயிலில் ஏணியடியில் மயங்கி விழுந்தவர். இன்னொருவர் பேக்கரியில் அடுப்பு வேலை செய்பவர். பேச்சின் நடுவே சில நொடி சிலையாக நின்றுவிடுகிறார் என்று மனைவி அழைத்து வந்திருந்தாள். பரிசோதனை முடிந்தது, பதிவுகள் டாக்டரம்மாவிடம் போயின. கிரேன்காரருக்கு வலிப்பு அலை இருக்கிறது, மாத்திரை வேண்டும், கிரேனில் ஏறக் கூடாது என்று முடிவு வந்தது. பேக்கரிக்காரருக்கு ஒன்றுமில்லை.

நான்கு மாதம் கழித்துப் பேக்கரிக்காரர் திரும்பி வந்தார். வலது கை முழங்கை வரை கட்டு. அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது வலிப்பு வந்து விழுந்திருந்தார்.

"போன தடவை ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னீங்க?" என்றாள் அவர் மனைவி.

பசையக்கா நாடாவை எடுத்துத் தலையை அளந்தாள். இடது காதுக்கு மேல் ஒரு தழும்பு விரலில் தட்டுப்பட்டது. அந்த இடத்தில் கம்பி வழுக்கியது. இதே இடத்தில், இதே மாதிரி வழுக்கி, தான் முன்பு ஒரு நாள் எரிச்சல்பட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. திரையில், இடது பக்கக் கோடுகளில் முள் முள்ளாக வலிப்பு அலைகள் எழுந்தன.

அவரை அனுப்பிவிட்டுப் பழைய பதிவைத் திறந்தாள். அவர் பெயரில் இருந்தது சுத்தமான பதிவு; தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே நாளின் கிரேன்காரர் பதிவைத் திறந்தாள். ஓரத்தில் அவளே தட்டியிருந்த குறிப்பு: 'இடது காதுக்கு மேல் தழும்பு. இரண்டு முறை ஒட்டினேன்.' கீழே அதே முள் அலைகள். பதிவு எண்கள் இரண்டும் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்டன. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டிருக்கிறாள். எப்போது போட்டாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில் இல்லை.

இது வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் குறிப்பை அழிக்க ஒரே ஒரு பொத்தான் போதும். பேக்கரிக்காரருக்குக் கோளாறு இப்போதுதான் வந்தது என்று ஊர் நம்பிவிடும். விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்க்கூட நின்றது. ஆனால் அழித்துவிட்டால், அந்தக் கிரேன்காரர் இல்லாத நோய்க்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்.

எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா இரண்டு பதிவுகளையும் நீண்ட நேரம் பார்த்தார். "தழும்புன்னு நீங்க எழுதினதை நானும் படிச்சேன். அந்தக் கிரேன்காரர் என் எதிர்லதான் உக்காந்திருந்தார். தலையைத் தொட்டுப் பாக்கலை" என்றார். பிறகு நிமிர்ந்து, "நீங்க தினம் எவ்வளவு தூங்குறீங்க?" என்று கேட்டார்.

"மூணு மணி நேரம். அதுவும் துண்டு துண்டா" என்றாள் பசையக்கா.

மதியம் டாக்டரம்மாவே அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார். உடன் வேலை பார்க்கும் பெண் கம்பிகளை ஒட்டினாள். கண்ணைத் திறந்தபடியே, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அறுபது பீப். முடிந்ததும், "எல்லாத்துக்கும் அமுக்கிட்டேன்" என்றாள் பசையக்கா, நிச்சயமாக.

"பதினோரு தடவை விட்டுட்டீங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

திரையைத் திருப்பிக் காட்டினார்கள். பதினாறு வருடம் அடுத்தவர் அலைகளைப் படித்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விழிப்பின் பொடி அலைகள் திடீரென்று கலைந்து, மந்தமான பெரிய அலைகள் உருண்டு வந்தன. ஆறு விநாடி. மறுபடி விழிப்பு, ஒன்றுமே நடக்காத மாதிரி. பிறகு மறுபடி ஆறு விநாடி.

"நோயெல்லாம் இல்ல. தூக்கம்தான்" என்றார் டாக்டரம்மா. "நாம குடுக்கலைன்னா மூளை தானே திருடிக்கும். திருடினது நமக்கே தெரியாது."

அவளுக்கு எண் மாறியதைவிட ஸ்கூட்டர்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பின்னால் மகள்.

கிரேன்காரர் மறுநாள் வரவழைக்கப்பட்டார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார். பசையக்கா அவர் எதிரே நின்று, "எண்ணை மாத்திப் போட்டது நான்தாங்க" என்றாள்.

அவர் கத்தவில்லை. "நாலு மாசமா என்னை ஹார்பர் கேட்டுல காவலுக்கு உக்கார வச்சிருக்காங்க. அதுகூடப் பரவாயில்ல. பொண்ணுக்கு ஒண்ணரை வயசு. நான் தூக்கினா விழுந்துடுவேன்னு வீட்ல தூக்க விடல. இப்ப என்னைப் பாத்தா அது அவங்கம்மாகிட்ட ஓடுது" என்றார். "அதுக்கு என்னம்மா பண்ணுவீங்க?"

மாமனாரைப் பற்றியும், பாயைப் பற்றியும் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அதனால் என்ன?

அன்று சாயங்காலம் தன் பதிவுத் தாளை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். "இது என்ன அண்ணி கோடு?" என்றாள் நாத்தனார்.

"இது நான் முழிச்சிருக்கேன். இது தூங்குறேன். கண்ணு திறந்துதான் இருக்கு. இப்படித்தான் உன் அண்ணன் பொண்ணை வச்சு தினம் வண்டி ஓட்டியிருக்கேன்."

நாத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகு வலியைப் பற்றிப் பேசவில்லை. "வாரத்துல நாலு ராத்திரி அப்பாவை இங்க விடுங்க" என்று மட்டும் சொன்னாள், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேக்கரிக்காரரின் மனைவி புகார் கொடுத்தாள். கொடுக்க வேண்டியதுதான் என்று பசையக்காவே சொன்னாள். விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. மூன்று மாதம் அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். இனி ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வந்தது. பேக்கரிக்காரருக்கு மாத்திரையில் வலிப்பு அடங்கியது. ஆனால் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. அடுப்பை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார்.

பசையக்கா ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தாள். நாத்தனார் வீட்டுக்கு மாமனார் போன இரவுகளில், ஆரம்பத்தில் மெத்தையில் படுத்தும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கட்டுப் போட்ட கை. வாரங்கள் போன பிறகுதான் உடம்பு ஜெயித்தது; ஒரு நாள் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவள், தூங்கிவிட்டோமே என்று வெட்கப்பட்டாள்.

மறுபடி மெஷினுக்கு வந்த வாரத்தில் கிரேன்காரர் கடைசிப் பரிசோதனைக்கு வந்தார். மறுபடி கிரேனில் ஏறச் சான்றிதழ் வேண்டும். வாசலிலேயே நின்று, "வேற யாராவது ஒட்டுவாங்களா?" என்று கேட்டார்.

"ஒட்டுவாங்க" என்று சொல்லி, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டு, அவள் வெளியே போய் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.