பெரியம்மா நீக்கிய அத்தியாயம்

என் பெரியம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. டோக்கன் கொடுப்பதற்கும் பெயர் கூப்பிடுவதற்கும் நடுவே கதை எழுதுவாள். "வாயைத் திறந்து வச்சிருக்கிறவங்க பக்கத்துல எழுதறதுதான் சுகம்டி. யாரும் குறுக்க பேச மாட்டாங்க" என்பாள்.

முன்பு ஒரு வார இதழில் அவளுடைய தொடர்கதை வந்தது. அங்கே இருந்த உதவி ஆசிரியர் ஒவ்வொரு பகுதியையும் படித்துவிட்டு, "இது யாரு வீட்டுக் கதைம்மா? அவங்க படிச்சா பரவாயில்லையா?" என்று போனில் கேட்பாராம். பெரியம்மாவுக்கு எரிச்சலாக வரும். இதழ் நின்றுபோன பிறகு ஒரு செயலியில் எழுதத் தொடங்கினாள். தினம் ஓர் அத்தியாயம். கேள்வி கேட்க ஆளில்லை. ஒரு நாள் விட்டாலும் வாசகர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

எதுவுமே தோன்றாத ஒரு நாளில் அவள் எழுதிய அத்தியாயத்தை நான் எங்கள் வீட்டில்தான் கேட்டேன். பள்ளி முடித்துச் சும்மா இருந்த நேரம். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். அளவு கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண், யாரோ அந்தக் கதையைக் குரலில் வாசித்துப் போட்டிருந்த வீடியோவைச் சத்தமாக வைத்தாள்.

கதையில், புருஷனோடு சண்டை போட்டுப் பையோடு கிளம்பியவள், பேருந்து நிலையத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். அவசரத்தில் மகளின் டிபன் பாக்ஸும் பைக்குள் போயிருக்கிறது.

நான் நான்காவது படித்தபோது ஒரு நாள் என் டிபன் பாக்ஸ் காணாமல் போயிருந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

"திரும்பி வந்திருக்கவே கூடாதுக்கா. ரோஷமே இல்லாதவ!" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"கையைத் தூக்கும்மா" என்றாள் அம்மா, அளவு நாடாவை விடாமல்.

அம்மா போனில் என்ன சொன்னாளோ, சாயங்காலமே பெரியம்மா ஓடி வந்தாள்.

"அத்தியாயத்தை எடுத்துட்டேன்டி. அந்த வீடியோக்காரங்ககிட்டயும் கேட்டுட்டேன், பதிலே இல்ல. பேரெல்லாம் மாத்தித்தானே எழுதினேன்…"

"என்னை மாத்தலையேக்கா" என்றாள் அம்மா. அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள்.

பெரியம்மா அந்தக் கதையைத் தொடரவில்லை. 'அடுத்த பகுதி எங்கே?' என்று வாசகர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

அக்காவும் தங்கையும் இப்போதும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர் வந்ததையும் கரண்ட் போனதையும் அம்மா சொல்வாள். பிறகு பெரியம்மாவின் குரல் கேட்கும்: "வேற என்னடி?"

"வேற ஒண்ணும் இல்லக்கா."