ஒன்பது நாள் நின்ற மணிகள்

புரத மருந்தை வாயால் விழுங்க முடியாது. வயிறு அதைச் செரித்துவிடும். ஊசியில் போட்டாலோ சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். என் மனைவி தினம் இருமுறை இன்சுலின் போட்டுக்கொள்பவள். வயிற்றில் குத்த இடம் தேடி அவள் விரல் நகர்வதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்புவேன். ஹைட்ரோஜெல் ஆராய்ச்சியில் நான் இறங்க அதுவும் ஒரு காரணம். தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் கூழுக்குள் மருந்தை அடைத்து உடம்பில் வைத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பல நாள் வரும். நல்ல எண்ணத்தில் தொடங்கிய வேலைதான். அதற்காக அதில் நான் செய்தது சிறிய தவறாகிவிடாது.

நாங்கள் எடுத்துக்கொண்டது சோடியம் ஆல்ஜினேட், கடற்பாசியிலிருந்து எடுக்கும் தூள். பனியனில் படம் அச்சடிக்கும் பட்டறைகளில் சாயத்தைக் கெட்டியாக்க மூட்டை மூட்டையாகப் புழங்குவது. என் ஆய்வக உதவியாளர் அப்படியொரு பட்டறையின் கலர் கிச்சனில், அதாவது சாயம் கலக்கும் அறையில், பதினைந்து வருடம் இருந்தவர். மங்கலத்துக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பட்டறை மூடியதும் கல்லூரிக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தார். முதல் நாள் தூளை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல நான் எத்தனை பனியனுக்குப் பூ அடிச்சிருக்கேனுங்க, இதைப் போய் மருந்துங்கறீங்க" என்று சிரித்தார்.

மருந்துக்குப் பதிலாக முட்டை வெள்ளைப் புரதத்தை ஆல்ஜினேட் கரைசலில் கலந்து, ஊசிக்குழாயில் ஏற்றி, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விடுவார். சொட்டு விழுந்ததும் ஜவ்வரிசி போல உருண்டு நிற்கும். கால்சியம்தான் அதை இறுக்கிப் பிடித்திருப்பது. அவர் விட்ட மணிகள் எல்லாம் ஒரே அளவு. நான் விட்டால் வால் முளைக்கும்.

அந்த மணிகள் தண்ணீரில் ஒரு வாரமாவது உடையாமல் நிற்கவேண்டும். முதல் தொகுதி மறுநாள் மதியத்துக்குள் ஊதி உடைந்து, புரதம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நிதி கொடுத்தவர்கள் பார்வையிட வர ஒரு மாதம்தான் இருந்தது. மாணவர்கள் முன்னாலேயே அவரிடம் சத்தம் போட்டேன். தண்ணீர்மேல் சந்தேகமாக இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார்.

"தண்ணியைக் குத்தம் சொல்லாதீங்க பாய். கையைப் பாருங்க" என்றேன்.

அவர் ஊசிக்குழாயைக் கழுவ எடுத்துப் போனார்.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது அது முதல் முறை அல்ல. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பை நீக்கும் கருவியில், அந்த உப்பை ஈர்த்துக்கொள்ளும் ரெசின் தீர்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பே படிவம் நிரப்பி என் மேசையில் வைத்திருந்தார். அதற்குத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். எனக்கு வரவேண்டியது என்று நான் நினைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் அறையில் போய் நிற்க மனமில்லாமல் படிவத்தை ஒரு புத்தகத்துக்கு அடியில் தள்ளிவைத்தேன். சாயத் தொழில் இறைத்த உப்பு எங்கள் நிலத்தடியில் கிடப்பது இந்த ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு, அந்த நேரத்தில், அது தெரியாமலிருப்பது வசதியாக இருந்தது.

அந்த வாரமே பாயின் பேரில் 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொடுத்தேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவர் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து, வேறு எதற்கோ, நீரில் உப்பின் அளவு காட்டும் மீட்டரை, அந்தக் கருவியிலிருந்து பிடித்துவைத்திருந்த தண்ணீர்க் கேனில் விட்டேன். எண் ஏறிக்கொண்டே போனது. சோடியம் அளவுக்கு மீறினால் மணியிலுள்ள கால்சியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; கூழின் இறுக்கம் போய்விடும். பல்லடம் சாலையில் ஒரு பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிவந்து, பாய் நோட்டில் எழுதிவைத்திருந்த ஊசி அளவு, சொட்டு விடும் உயரம் எல்லாவற்றையும் அப்படியே வைத்து மணிகள் செய்தேன். ஒன்பது நாள் நின்றன.

வந்தவர்கள் பாராட்டினார்கள். முன்பு ஏன் தவறியது என்று ஒருவர் கேட்டார். கை சுத்தமில்லாத உதவியாளர் ஒருவர் இருந்தார் என்று சொன்னேன். உண்மை தெரிந்த பிறகு சொன்னது அது.

ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. எங்கள் மணிகள் மருந்தாகவில்லை. என் மனைவிக்கு இன்னும் ஊசிதான். போன மாதம் விசாரித்துக்கொண்டு வேலம்பாளையம் போனேன். பாய் அங்கே ஒரு பிரிண்டிங் யூனிட்டில் மறுபடி கலர் கிச்சனில் இருக்கிறார். தாடி நரைத்துவிட்டது. இந்தியில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டு எனக்கு ஸ்டூல் போட்டார்.

"தப்பு உங்க கையில இல்லீங்க பாய். தண்ணியிலதான். நீங்க போன பத்தாம் நாளே எனக்குத் தெரியும்."

அவர் சாயத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கையில இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க சார்" என்றார். பிறகு, "நல்ல தண்ணில எத்தனை நாள் நின்னுச்சுங்க?" என்று கேட்டார்.

"ஒம்பது நாள்."

"ஒம்பதா? நான் ஏழுன்னுதான் நெனச்சேன்."

சாய டிரம்மை மூடிவைத்தார். வீட்டில் இன்றைக்கும் ஒரு தட்டு உடைந்தால், காலேஜ் வேலையைக் கைதவறிப் போட்டு உடைத்த மனுசன்தானே என்று அவர் மனைவி சொல்வாராம். பாய் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"எழுதிக் குடுங்க சார். ஊட்டுல காட்டோணும்."

சாய அளவு எழுதும் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாகப் படித்தார்.

"தண்ணி சரியில்லாததால சோதனை தவறிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. அதுல உங்களைக் காணோமுங்களே சார்."

அறிக்கைகளில் எத்தனையோ வருடம் அப்படித்தான் எழுதிவந்தேன், யாரும் எதையும் செய்யாத வாக்கியங்களாக. அவர் இன்னொரு தாளை நீட்டினார். ரெசின் மாற்றச் சொல்லி இவர் கொடுத்த படிவத்தை அனுப்பாமல் வைத்திருந்தவன் நான் என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். இவர்மேல் பழி போட்டவன் நான், உண்மை தெரிந்த பிறகும் அதையே திரும்பச் சொன்னவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் இரண்டு முறை படித்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தேதியும் போட்டுருங்க சார்" என்றார்.

போட்டேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.