கவிழ்ந்ததா, கவிழ்த்தீர்களா? என்று கேட்ட நாகரத்தினம்மா

செய்தி வந்தபோது நான் ஓசூரில், எங்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்து இரைச்சலுக்கு நடுவே நின்றிருந்தேன். அழைத்தவர் பல் மருத்துவர் மஞ்சுநாத்.

"செல்வி, அம்மா போய்ட்டாங்க."

"எங்க?" என்று கேட்டேன்.

கேட்டதில் தவறில்லை. மாம்பழ சீசன். நாகரத்தினம்மா காலையில் தோப்பில் இருப்பார், மதியம் கிருஷ்ணகிரியில் ஏதாவது மாங்கூழ்த் தொழிற்சாலை வாசலில் லாரியோடு நின்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார். மஞ்சுநாத் அழுவது காதில் விழுந்த பிறகுதான் அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் எனக்கு உறைத்தது.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர்களுடைய தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து போகும் பழக்கம் அவருக்குக் கிடையாது. இந்த ஒரு முறைதான் போனார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகரத்தினம்மா மா விவசாயி. வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ், வியாபாரத்தில் கற்றுக்கொண்டது கன்னடம். அறுபதை நெருங்கும் வயதில் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, ஞாயிறுதோறும் கிருஷ்ணகிரி அணை நீரில் ஓட்டியவர். அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் பாய் விரித்தவை மூன்றே சின்னப் படகுகள். ஒன்று மஞ்சுநாத்துடையது, ஒன்று என்னுடையது, மூன்றாவது அவருடையது.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு வாக்குவாதத்தில்தான். கடைவாய்ப் பல் வலி என்று கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இருக்கும் மஞ்சுநாத்தின் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் கண்ணுக்கு நேரே, சுவரில் மஞ்சுநாத்தின் படகுப் படம். டாக்டர் வாயிலிருந்து கையை எடுத்ததும் அவர் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏங்க டாக்டரே, இதுல எஞ்சின் இல்லையே. போறப்ப சரி, காத்து தள்ளும். திரும்பி வர்றப்ப எதிர்க்காத்தா இருந்தா?"

"எதிர்க்காத்துலயும் வரும்மா."

"வராது."

"வரும்மா."

"எனக்குப் பல்லுதான் வலிக்குது, மூளை நல்லா இருக்குது."

அந்த ஞாயிறே வீங்கிய கன்னத்தோடு அணைக்கு வந்து நின்றார். மஞ்சுநாத் பாயை இறுக்கி, படகை இடமும் வலமுமாக வளைத்து வளைத்து, எதிர்க்காற்றிலேயே ஏறி வந்து கரையைத் தொட்டார். நாகரத்தினம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு உரக்கச் சிரித்தார். "தேவுடா! காத்தை வெச்சே காத்தை ஏமாத்தறீங்களே!" என்றார். அடுத்த மாங்காய் சீசன் முடிந்ததும் பெங்களூரில் யாரோ விற்ற பழைய படகொன்று, மாங்காய் ஏற்றும் டெம்போவில் வந்து இறங்கியது.

படகு ஓட்டுவதைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றில்லாத நாளில் மூன்று படகுகளையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, நீர் நடுவே மிதந்தபடி ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடிப்போம். ஒரு நாள் மஞ்சுநாத், "நாங்க எல்லாரும் டீ குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்.

"குடிங்க டாக்டரே" என்றார் நாகரத்தினம்மா. "நாங்க ரெண்டு பேரும் பார்த்துட்டு இருக்கோம்."

மஞ்சுநாத் விழித்தார். 'நாங்கள்' என்றால் எதிரே இருப்பவர்கள் சேர்த்தியில்லை, 'நாம்' என்றால்தான் சேர்த்தி என்று நான் விளக்கினேன்.

"தெலுங்குலயும் அப்படித்தான்" என்றார் நாகரத்தினம்மா. "மனமுன்னா எல்லாரும், மேமுன்னா உங்களை விட்டுட்டு."

மஞ்சுநாத் தம்ளரைக் கீழே வைத்தார். "கன்னடத்துல எல்லாத்துக்கும் ஒரே 'நாவு'தான். ஆளை ஒதுக்கி வைக்கறதுக்குன்னே ஒரு சொல்லு எங்ககிட்ட இல்ல. இப்ப சொல்லுங்க, யாரு பாஷை பெருசு?"

நாகரத்தினம்மா தம் பங்கு டீயையும் அவருக்கே ஊற்றினார். வாதத்தில் தோற்பது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். ஜெயிப்பது அதைவிடப் பிடிக்கும்.

இன்னொரு நாள் அவரே வம்பை ஆரம்பித்தார். "காத்து வீசுதுங்கறோம். வீசாத காத்துன்னு ஒண்ணு எங்கயாவது இருக்குதா? வீசறதுதானே காத்து? அப்புறம் எழுவாய் தனி, பயனிலை தனின்னு எதுக்குப் பிரிக்கணும்? ஆளு வேற, ஆளு செய்யற வேலை வேறன்னு நெனைக்கறதே பொய்யி."

நான் வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்காரி. "டயருக்குள்ள இருக்கே அக்கா வீசாத காத்து" என்றேன்.

அவர் முகம் மாறியது. மறு ஞாயிறு வண்டியிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார். "செல்வி! டேம்ல காத்து அடிக்குது. பஞ்சர் கடையில காத்து அடிக்கறாங்க. ஒரே சொல்லு! ஒண்ணுல காத்து முதலாளி, இன்னொண்ணுல காத்து கூலியாளு! வாரம் பூரா இதே நெனப்பு, ஒரு லோடு மாங்காயைத் தப்பான ஃபேக்டரிக்கு அனுப்பிட்டேன்!"

இப்படியே சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு கோடையில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அன்று மூவருக்குள் ஒரு போட்டி. எதிர்க்கரையில் தெரியும் பாறை வரை போய்த் திரும்ப வேண்டும். திரும்பும் வழியில் நான்தான் முன்னால். எனக்குப் பின்னால் நாகரத்தினம்மா. மஞ்சுநாத் வெகு தூரத்தில். மலைப் பக்கம் கறுத்திருந்ததை நான் பார்த்தேன். மழைக்கு முன் கரை சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். காற்று மழைக்கு முன்பே வந்துவிட்டது. ஒரே அடி. பாய் நீரில் படுத்தது, படகு புரண்டது, நான் உள்ளே போனேன். மேலே வர முயன்றபோது பாய்க் கயிறு கணுக்காலைச் சுற்றி இறுக்கியிருந்தது. மிதவைச் சட்டை என்னை மேலே இழுத்தது, கயிறு கீழே இழுத்தது. மூக்கு மட்டும் நீருக்கு வெளியே வந்து வந்து போனது.

நாகரத்தினம்மா பாயைத் தளர்த்திவிட்டு என் பக்கம் படகைத் திருப்பியதை ஒரு கணம் பார்த்தேன். அடுத்த கணம் மிதவைச் சட்டையோடு அவர் நீரில் இருந்தார். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் சிறு கத்தி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். என் காலைப் பிடித்து இழுத்துக் கயிற்றை அறுத்தார். கவிழ்ந்த படகின் முதுகை ஆளுக்கொரு பக்கம் கட்டிக்கொண்டோம். எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. மூச்சு சீராக வரவில்லை.

"செல்வி, நீ கவுத்தியா, தானா கவுந்துச்சா?"

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"சொல்லும்மா. கவுத்தியா, கவுந்துச்சா?"

"கவுந்துச்சுக்கா" என்று அழுதேன்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க. தன்வினை! சுக்கான் யாரு கையில இருந்துச்சு? நல்லா ஓடுனா 'நான் ஓட்டறேன்'பே. கவுந்தா மட்டும் 'அதுவே கவுந்துச்சு'ம்பியா?"

எனக்குக் கோபம் வந்தது. "காத்து கவுத்துச்சு!" என்று கத்தினேன்.

"ஆங், அப்படி வா. இப்ப எழுவாய் கெடைச்சிருச்சு."

அப்போதுதான் அவருடைய படகு எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தேன். யாரும் இல்லாமல், பாய் படபடக்க, தன் போக்கில் போனது. "அக்கா, உங்க படகு!"

அவர் திரும்பிப் பார்த்தார். "போவுது பாரு, என்னைவிட நேரா போவுது" என்றார். மழை கொட்டத் தொடங்கியது. நான் சிரித்தேன். அந்த நிலையில், அந்த மழையில், இருவரும் வாய்க்குள் தண்ணீர் போகப் போகச் சிரித்தோம். மஞ்சுநாத் எங்களை வந்து சேரும்வரை வினைச்சொற்களைப் பற்றிய சண்டை ஓயவில்லை.

கரை ஒதுங்கியிருந்த அவருடைய படகுக்குப் பக்கத்தில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "என் பயத்தைப் போக்கத்தானேக்கா அப்படிப் பேசினீங்க?" என்று கேட்டேன்.

"உன் பயமா?" என்றார். "எனக்கு நீச்சலே தெரியாதும்மா. வாயை மூடுனா செத்துருவேன்னு தோணுச்சு. அதான் பேசிக்கிட்டே இருந்தேன்."

மஞ்சுநாத் அன்று அவரைத் திட்டியதைப் போல் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் அவருக்குப் போதவில்லை. நீச்சல் கற்காமல் படகைத் தொடக்கூடாது என்றார். நாகரத்தினம்மா ஓசூரில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்து, ரப்பர் வளையம் மாட்டிய வாண்டுகளோடு கையைக் காலை அடித்துக் கற்றுக்கொண்டார். குளத்தின் குறுக்கே முதல் முறை நீந்திக் கடந்த அன்று, மூச்சு வாங்க எனக்குப் போன் செய்தார். "ஓடறதுக்கு ஓட்டறது இருக்குது. கவுறதுக்குக் கவுக்கறது இருக்குது. நம்ம பேச்சுல நீந்தறதுக்கு மட்டும் அப்படி ஒரு சொல்லு இல்லம்மா. அவங்கவங்களேதான் நீந்திக்கணும்!" பின்னால் குழந்தைகள் கூச்சலிடுவது கேட்டது. அந்தக் குரலில் இருந்த குதூகலத்தை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது.

அவர் மறைந்த மறுநாள் நானும் மஞ்சுநாத்தும் வேப்பனப்பள்ளிக்குப் போனோம். பறித்த மாங்காய்கள் கூடைகளில் அப்படியே இருந்தன. வந்தவர்கள் மூன்று மொழிகளில் அழுதுகொண்டிருந்தார்கள். அவருடைய கணவர் சின்னப்ப ரெட்டியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். குறைவாகப் பேசும் மனிதர். எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "அந்தப் படகுக்காரங்க நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, நானும் மஞ்சுநாத்தும் பாய் விரிக்க மனமில்லாமல் அணைக்கரையில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப்ப ரெட்டி வந்து நின்றார். "அவ படகுல என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தண்ணீருக்குப் பக்கத்தில்கூட வராதவர் என்று கூட வந்திருந்த மகன் எச்சரித்தார். அவர் கேட்கவில்லை. மிதவைச் சட்டையை மாட்டிவிட்டோம். நான் சுக்கானைப் பிடித்தேன். மஞ்சுநாத் தம் படகில் பக்கத்திலேயே வந்தார்.

நடுவே வரும்வரை பெரியவர் இரண்டு கைகளாலும் பலகையைப் பற்றிக்கொண்டு குனிந்தே இருந்தார். பிறகு காற்று எழுந்தது. பாய் புடைத்தது, படகு ஒருக்களித்துச் சாய்ந்து பாய்ந்தது, நீர் அவர் முகத்தில் வாரி அடித்தது. "அம்மா!" என்று அலறினார். நான் பாயைத் தளர்த்தப் போனேன். "வேணாம், வேணாம், விடாதீங்க!" என்றார். கண்ணீரும் அணைத் தண்ணீரும் ஒன்றாக வழிய, நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தார். "இதுக்குத்தான் சோத்தைக்கூடத் தின்னாம ஓடி வந்தாளா! என்கிட்ட ஒரு வார்த்தை வெவரமா சொல்லலையே! சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே!"

நாகரத்தினம்மா, சொல்லியிருப்பீர்கள், அவர்தான் காதில் வாங்கியிருக்க மாட்டார். இருட்டும் முன் அவரைக் கரையேற்ற நாங்கள் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று மூன்று முறை எங்களைத் திருப்பினார். நீங்கள் கவலையில்லாமல் போங்கள் அக்கா. வருகிற ஞாயிறு அவரை நீச்சல் குளத்தில் சேர்க்கிறோம்.