றஹ்மத் படகைக் கூப்பிட்டவர்

நஸீறாதான் தொலைபேசியில் செய்தி சொன்னாள். இன்று காலையில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, ஆதம்பாவா காக்கா மவுத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டுப் படுத்தவர், எழும்பல்ல" என்றாள்.

உங்களில் பலருக்கு ஆதம்பாவா காக்காவை மைதானத்தில்தான் தெரியும். சாய்ந்தமருதில் நடந்த கிரிக்கெட் போட்டிகளில் பாதிக்கு அவரே நடுவர். "ஓவர்!" என்று அவர் கத்துவது வீதி வரைக்கும் கேட்கும். சொந்த மருமகனுக்கே எல்பிடபிள்யூ கொடுத்துவிட்டு, அன்று மகள் வீட்டிலிருந்து சாப்பாடில்லாமல் வெறும் தேத்தண்ணியோடு திரும்பியவர் அவர். "பந்து காலிலதான் பட்டிச்சு. மகள் கோவிச்சா நான் என்ன செய்யிற?" என்பார்.

நான் அவரை அறிந்தது மீனவர் சங்க அலுவலகத்தில். நான் அங்கே தட்டச்சுப் பெண். அவர் அடுத்த மேசையில் ரேடியோ செட்டுக்கு முன்னால் இருந்து, ஆழ்கடலுக்குப் போன படகுகளோடு கதைப்பவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை.

"காக்கா, ஏன் ஒவ்வொரு கதைக்கும் கடைசியில ஓவர், ஓவர் எண்டு சொல்றீங்க? எல்லாம் முடிஞ்சிட்டா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி, கிரவுண்டில ஓவர் எண்டா ஆறு பந்து முடிஞ்சிட்டு. என்ர பொஞ்சாதி 'ஓவராக் கதைக்காதீங்க' எண்டா அளவு மிஞ்சிட்டு. இந்தச் செட்டில ஓவர் எண்டா முடியல்ல. நான் கதைச்சிட்டன், இனி நீ கதை எண்டு அர்த்தம். சொல்லிட்டு நாம வாய மூடிக்கிட்டு இரிக்கணும். அதுதான் கஷ்டம்."

ஒரு மழைக்காலத்தில் றஹ்மத் என்ற படகு, எஞ்சின் நின்றுவிட்டது என்று ஒருமுறை அறிவித்தது. பிறகு சத்தமே இல்லை. அதில் போனவர்களில் ஒருவன் றியாஸ். அவனுடைய மனைவிதான் நஸீறா. கலியாணம் முடித்து அதிக காலம் ஆகவில்லை. அவள் வந்து அலுவலகத்துச் சுவரோடு சாய்ந்து, நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"றஹ்மத், றஹ்மத், கேக்குதா? ஓவர்" என்று காக்கா மைக்கில் கூப்பிட்டார்.

நஸீறா அலறினாள். "முடிஞ்சிட்டா காக்கா? என்ர அவரு முடிஞ்சிட்டாரா?"

காக்கா மைக்கை வைத்துவிட்டு எழுந்து வந்து, அவள் முன்னால் குந்தினார். "இல்ல மகள். 'இப்ப நீ கதை' எண்டுதான் அவனுக்குச் சொல்றன். கதைப்பான் எண்டுதானே சொல்றன்."

அவள் அழுகையை அடக்கினாள். அதன்பின் அவர் ஒவ்வொரு முறை ஓவர் சொன்னபோதும் நாங்கள் பதிலுக்குக் காது கொடுத்தோம். செட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது.

கடற்படை தேடியது. மற்றப் படகுகள் தேடின. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் காக்கா காலையில் செட்டைப் போட்டதும் முதலில் றஹ்மத்தைத்தான் கூப்பிடுவார். அந்த நேரத்தில் மற்றப் படகுக்காரர்கள் எவரும் குறுக்கே கதைப்பதில்லை. வருடங்கள் போயின. இனிப் போதும் என்று சங்கத் தலைவர் சொல்லிப் பார்த்தார். "அவங்க கரைக்கு வராம நான் எப்பிடி நிப்பாட்டுற?" என்றார் காக்கா. அதைவிடப் பெரிய அன்பு இருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன்.

ஒரு நாள் நஸீறா வந்தாள். இந்தமுறை நாற்காலியில் அமர்ந்தாள். மார்க்கச் சட்டம் பார்க்கும் காதியாரிடம் கேட்டாளாம். கணவன் இறந்ததாகவே கொண்டு, இனி விதவைகள் துக்கம் காக்கும் இத்தா இருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

"ஒவ்வொரு நாளும் நீங்க அவரக் கூப்பிடுறீங்க காக்கா. ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டு இரிக்கக்குள்ள, நான் எப்பிடி வெள்ள உடுத்திக்கிட்டு இத்தா இரிக்கிற? எனக்கு அழ ஏலாம இரிக்கி."

காக்கா செட்டின் பக்கம் திரும்பினார். பிறகு மைக்கை அவளிடம் நீட்டினார். "நீங்க ஒருக்காக் கதைங்க மகள்."

அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கட உம்மாவ நான் பாத்துக்கிறன். அவ நல்லா இரிக்கா. குத்தம் குறை இருந்தா என்னப் பொருந்திக்கங்க. நானும் ஒங்களப் பொருந்திக்கிட்டன்." பிறகு அவரைப் பார்த்தாள். "ஓவர் சொல்லணுமா காக்கா?"

"வேணாம் மகள்."

அவள் போன பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "உதவி செய்யிறன் எண்டு நினைச்சிட்டு இருந்தன் தங்கச்சி. அந்தப் புள்ளயக் கட்டிப்போட்டு வெச்சிருந்திருக்கன். ஒரு நாளாவது கேட்டிருக்கணும்." அடுத்த நாள் காலை கடலிலிருந்து ஒருவன், "காக்கா, றஹ்மத்தக் கூப்பிடல்லயா?" என்று கேட்டான். "இல்ல மகன். நீங்க கவனமா வாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இத்தனை காலம் மனதில் சுமந்த ஒன்றை, வேண்டாம் என்று அவள் சொன்ன உடனேயே அவர் இறக்கி வைத்தார். வலித்தது. ஆனாலும் அவளோடு வாதாடவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் ஜனாஸாவைத் தோளில் சுமந்து, அடக்கம் செய்ய மையவாடிக்குப் புறப்பட்டார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினோம். நஸீறா பின்புறம் கிணற்றடியில் தனியாக நின்றாள். அவளைக் கட்டிப்பிடித்துத் தேற்றத்தான் போனேன். பக்கத்தில் போனதும் நின்றேன்.

"நஸீறா, நான் கூட இருக்கவா? இல்லாட்டி தனியா இருக்கப் போறியா?"

அவள் யோசித்தாள். "இரிங்க அக்கா" என்றாள். கிணற்றுக் கட்டில் அவளருகே அமர்ந்தேன். மையவாடிக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரைக்கும் அவள் அழுதாள்.