கருவாட்டின் மீது விழுந்த பழி

வித்யாலட்சுமியின் பெயர் முதன்முதலாகப் பத்திரிகையில் வந்த அன்று, அவருடைய தந்தை நவநீதகிருஷ்ணன் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறக்கோட்டையிலுள்ள தன் மொத்த வியாபாரக் கடைக்குப் போனார். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். "கருவாடு உண்போருக்கு வாய்ப் புற்றுநோய்: கொழும்பு ஆய்வாளர்கள் எச்சரிக்கை" என்பது தலைப்பு. கீழே ஆய்வாளர்களின் பெயர் வரிசையில் மகளின் பெயரும் இருந்தது. பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரர் மட்டும் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

மகளுக்கோ அந்தச் செய்தி தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

வித்யாலட்சுமி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். மருத்துவப் பீடத்துக்குத் தெரிவானபோது உறவினர்கள் அவரைப் பெரிய சத்திரசிகிச்சை நிபுணராகவே கண்டார்கள். பயிற்சிக் காலத்தில் புற்றுநோயாளர் வார்டில் வேலை செய்தபோதுதான் அவர் மனம் வேறு பக்கம் திரும்பியது. கன்னம் புண்ணாகி, வாயைத் திறக்க முடியாமல், சோறு உண்ண வழியில்லாமல் ஆண்கள் வந்தார்கள். முகவரியைக் கேட்டால் முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை என்று வட கொழும்பின் அடுத்தடுத்த பகுதிகளாக இருந்தன. ஏன் இந்தப் பகுதிகளிலிருந்து இத்தனை பேர் என்று அவர் கேட்டார். வெட்டித் தைப்பதுதான் இங்கே நம் வேலை, அதைக் கண்டுபிடிப்பது வேறு யாருடையதோ வேலை என்றார் மூத்த வைத்தியர் ஒருவர்.

அது யாருடைய வேலை என்று தேடிப்போய்த்தான் அவர் நோய்ப்பரவலியல் படித்தார். ஒரு நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வராமல் போகிறது, இரு தரப்புக்கும் வாழ்க்கையில் என்ன வித்தியாசம் என்று ஊரோடு ஊராக வைத்துப் பார்க்கும் படிப்பு அது. "நோயாளி கையப் புடிச்சு நாடி பாக்காத டாக்டர் என்னம்மா டாக்டர்?" என்று அம்மா சீதை கொஞ்ச காலம் குறைப்பட்டுக்கொண்டார்.

உணவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் அமரதிவாகரவின் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அந்தக் குழுவின் ஆய்வுதான் பத்திரிகையில் வந்தது.

கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே வித்யாலட்சுமி பேராசிரியரின் அறைக்குப் போயிருந்தார். கருவாடு அதிகம் உண்பவர்கள் பெரும்பாலும் துறைமுகத் தொழிலாளர்கள், மீனவர்கள். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதிகம் மெல்லுகிறவர்களும் அவர்களே. பழி எதன் மீது விழவேண்டும் என்பதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்றார். பேராசிரியர் கோபிக்கவில்லை. கேள்வித்தாளைத் திருப்பிக் காட்டினார். வெற்றிலை மெல்லுவீர்களா, ஆம், இல்லை என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கணக்கில் சேர்த்தாயிற்று, அதற்குப் பிறகும் கருவாட்டின் பங்கு மிஞ்சுகிறது என்றார்.

கலியாண வீட்டில் ஒரு தரம் வெற்றிலை போடுகிறவரும் "ஆம்". விடிந்தது முதல் படுக்கும் வரை கன்னத்தில் புகையிலையை அடக்கி வைத்திருப்பவரும் அதே "ஆம்". அந்த இரண்டு ஆமும் ஒன்றாகுமா என்று வித்யாலட்சுமி கேட்டார். தரவில் இல்லாததை நாம் பேச முடியாது என்று பேராசிரியர் முடித்துவிட்டார். வித்யாலட்சுமி இளையவர். கட்டுரை வெளியானது.

வெற்றிலையின் தீமை எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை என்பதால் பத்திரிகைகள் அதைத் தொடவில்லை. கருவாடு புதிய செய்தி. அதைப் பிடித்துக்கொண்டன.

சில வாரங்களில் முகத்துவாரத்தில் வேலை செய்யும் குடும்பநல மருத்துவமாது நளீபா தொலைபேசியில் அழைத்தார்.

"டொக்டர், இங்க ஆக்கள் புள்ளகளுக்குக் கருவாடு குடுக்கிறத நிப்பாட்டி ஈக்கிறாங்க. பச்ச மீன் வாங்க அவங்களுக்கு ஏலா. இப்ப சோறும் சம்பலும் மட்டும்தான். ஒருக்கா வந்து பாருங்களேன்."

வித்யாலட்சுமி போனார். முதல் சந்திலேயே நளீபா அவரைத் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர் பெயர் நோபேட். ஆய்வுக் குழுவிலிருந்து டொக்டர் வந்திருக்கிறார் என்றதும் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"நான் இப்ப கருவாட்டத் தொடுறதே இல்ல டொக்டர். பேப்பர்ல போட்டிருந்தாங்கதானே. இனிப் பயமில்ல," என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி, வேலியோரமாகச் சிவப்பாகத் துப்பினார்.

"வெத்தில? அதையும் விட்டாச்சா?"

"அது இல்லாம மூட்ட தூக்க ஏலுமா? பேப்பர்ல அதப் பத்தி ஒண்ணும் இல்லையே."

வித்யாலட்சுமி அவரை வாயைத் திறக்கச் சொல்லி, போன் வெளிச்சத்தில் பார்த்தார். வெற்றிலையை வழக்கமாக அடக்கி வைக்கும் இடது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாக ஒரு திட்டு படர்ந்திருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. காரம் பட்டா கொஞ்சம் எரியும்."

அது புற்றுநோய் ஆகவில்லை. விட்டுவைத்தால் ஆகக்கூடியது. நளீபா இரண்டு தடவை திட்டி, மூன்றாவது தடவை தானே முச்சக்கரவண்டியில் ஏற்றி அவரைப் பொரளையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். அங்கே அந்தத் திட்டை அகற்றினார்கள். நோபேட் வெற்றிலையை விட்டார். பற்கள் மெல்ல வெளுத்தன. இன்றும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார்.

ஆனால் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது வித்யாலட்சுமிக்கு ஒரே நினைவுதான். தன் பெயர் தாங்கிய ஆய்வு ஓர் ஏழை மனிதனின் தட்டிலிருந்து சத்துள்ள உணவை எடுத்துவிட்டு, விஷத்தை அவன் வாயிலேயே விட்டுவிட்டது. அந்த வாரமே அவர் தனியாக ஓர் ஆய்வுக்குத் திட்டம் எழுத உட்கார்ந்தார்.

வாய்ப் புற்றுநோய் வந்த ஒவ்வொருவருக்கும் இணையாக, அதே தெருவில், ஏறக்குறைய அதே வயதில், நோயில்லாதவர்களைத் தேடவேண்டும். இரு தரப்பிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கவேண்டும். வெற்றிலைக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கினார். ஒரு நாளில் எத்தனை வாய், புகையிலை உண்டா, எந்தக் கன்னம், வாயில் வைத்தபடி தூங்குவதுண்டா. உணவுக்கு இன்னும் கூடுதலான பக்கங்கள். அளவைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் "கொஞ்சம்" என்பார்கள். எனவே ஒரு பையில் கோப்பைகள், கரண்டிகள், பல அளவில் வெட்டிய கட்டாக் கருவாட்டுத் துண்டுகள், ஒரு டப்பாவில் நெத்தலி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பஸ்ஸில் அவருக்கு அருகே யாரும் உட்காரவில்லை.

அப்போது வித்யாலட்சுமி திருமணமாகி வெள்ளவத்தையில் குடியிருந்தார். கணவர் உமாசுதன் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தவர், கணித ஆசிரியர். மரக்கறி மட்டுமே உண்பவர். மனைவியின் வேலைக்காக எதையும் பொறுத்துக்கொண்டார், ஒன்றைத் தவிர.

"வெள்ளிக்கிழமையிலையாவது அந்தப் பையை பல்கனியிலை வையுமன்," என்றார்.

"வச்சா காக்கா தூக்கிட்டுப் போயிரும். அப்புறம் என் ஆராய்ச்சி என்னாகுறது?"

"காகமும் உம்மட ஆராய்ச்சியிலை சேரட்டும். அதுகும் வெத்திலை போடாமல் கருவாடு தின்னுற சாதிதானே."

வித்யாலட்சுமி சிரித்தார். ஆனால் அந்தப் பகிடி அவருக்குள் தங்கிவிட்டது. வெற்றிலையே போடாமல் கருவாடு உண்கிறவர்கள்! அவர்களைத்தான் அதிகம் தேடவேண்டும். முகத்துவாரத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. நளீபாவும் அவரும் ஆலய வாசல், மீன் வாடி, தோட்டம் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளின் குழாயடி என்று அலைந்து அவர்களைச் சேர்த்தார்கள்.

இலகுவாக முடிந்த வேலையல்ல. 2019 சித்திரையில், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தபின் கொட்டாஞ்சேனையில் எந்த வீட்டுக் கதவும் அந்நியருக்குத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தபோது அந்தத் தெருக்களையே மூடிவைத்தார்கள். அப்போது தொலைபேசியில் கேட்டார்கள். பிறகு பெட்ரோல் வரிசைகளின் காலம். நளீபா கடற்கரை ஓரமாக நடந்தே வீடுகளுக்குப் போனார். கூட வேலை செய்த இளம் வைத்தியர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். வித்யாலட்சுமிக்கும் ஓர் அழைப்பு வந்தது. முடித்துவிட்டு யோசிக்கிறேன் என்று பதில் எழுதினார். முடிந்தபோது யோசிக்கவில்லை.

எல்லாத் தரவையும் கணினியில் ஏற்றி முடித்தது ஒரு மழை நாள் பிற்பகலில். புள்ளிவிவரப் பொறுப்பு சாமினியுடையது. தமிழ் நன்றாகப் பேசுகிற சிங்களப் பெண், எளிதில் எதையும் நம்பாதவர். அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று வித்யாலட்சுமி திரையைப் பார்த்தார்.

பழைய முறையில், ஆம் இல்லை என்று மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது, கருவாடு குற்றவாளியாகவே நின்றது. பேராசிரியர் கண்டதும் அதுதான். பிறகு வெற்றிலையின் அளவையும் புகையிலையையும் கணக்கில் சேர்த்தார்கள். கருவாட்டின் மீதிருந்த பழி கரைந்து போனது. வெற்றிலையே போடாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். தினமும் கருவாடு உண்டவருக்கும் தொடாதவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மறுபுறம், புகையிலையோடு மெல்லுகிறவர்களின் கோடு திரையில் செங்குத்தாக ஏறியது. கீரையும் பழமும் கூடுதலாக உண்டவர்களிடம் நோய் சற்றுக் குறைவாகவே இருந்தது.

"சரிதானே மிஸ்?" என்றார் சாமினி.

"சந்தோசப்படாதீங்க. இத உடைக்கப் பாருங்க," என்றார் வித்யாலட்சுமி. "வேற எப்பிடியெல்லாம் போட்டுப் பாக்கலாமோ அப்பிடியெல்லாம் பாருங்க. நம்மளால உடைக்க முடியலைன்னா அப்புறம் நம்புவோம்."

வாரக்கணக்கில் உடைக்கப் பார்த்தார்கள். உடையவில்லை.

கொழும்பில் நடந்த மருத்துவ மாநாட்டில் அதை வாசிக்கும் நாளில் முன்வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் அமரதிவாகர உட்கார்ந்திருந்தார். வித்யாலட்சுமி அவரைப் பார்த்ததும் தண்ணீர் குடித்தார். பழைய கட்டுரையின் பெயரைச் சொல்லியே தொடங்கினார்; அதில் தன் பெயரும் உண்டு என்றார். முடிந்ததும் முதலாவதாகக் கை தூக்கியவர் பேராசிரியர்தான்.

நோய் வந்தபின் வாய் எரியும், உப்பும் காரமும் உள்ள கருவாட்டை நோயாளி நிறுத்திவிடுவார். நிறுத்தியவரிடம் கேட்டால் கருவாடு குற்றமற்றதாகத்தானே தெரியும் என்று கேட்டார். அந்தக் கேள்வி ஓர் ஆய்வையே கவிழ்க்கக்கூடியது.

வித்யாலட்சுமி அதை எதிர்பார்த்திருந்தார். நோய் வருவதற்குப் பல வருடம் முந்திய உணவைத்தான் கேட்டோம் என்றார். நோயாளியின் நினைவை மட்டும் நம்பவில்லை. அந்த வீட்டில் சமைப்பவரிடமும் தனியாகக் கேட்டோம். இரண்டு பதில்களும் பொருந்தாத வீடுகளை விலக்கிவிட்டும் கணக்கிட்டோம். முடிவு மாறவில்லை.

பேராசிரியர் உட்காரவில்லை. ஒலிவாங்கியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"என் கேள்வித்தாளில் வெற்றிலைக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக. "அது போதாது என்று இவர் அன்றே என்னிடம் சொன்னார். இனி என் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் காட்டுங்கள். இவர் செய்ததுதான் சரி."

முதலில் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே எழுந்தது. மதியச் சாப்பாட்டில் பேராசிரியர் தன் தட்டை எடுத்துக்கொண்டு வித்யாலட்சுமியின் மேசைக்கு வந்து, எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகைக்கு இருவரும் சேர்ந்து திருத்தம் எழுதினார்கள். பத்திரிகைகள் இந்தச் செய்தியையும் போட்டன. நவநீதகிருஷ்ணன் அதைப் பக்கத்துக் கருவாட்டுக் கடைக்காரருக்கு முதலில் காட்டினார். கடைக்காரர் அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

ஆனாலும் வித்யாலட்சுமி வெற்றி என்று சொல்வது அந்த மாநாட்டை அல்ல. தகவல் தந்த சனங்களுக்கு முடிவைச் சொல்வதற்காக, ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் முகத்துவாரத்துத் தேவாலய மண்டபத்தில் கூட்டம் வைத்தார். தமிழில் அவரும் சிங்களத்தில் சாமினியும் பேசினார்கள். கருவாடு விற்கிற பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்தாள்.

"அப்ப கருவாடு ஒடம்புக்கு நல்லதுன்னு போர்ட் போடலாமா டொக்டர்?"

"போடாதீங்க. அதுல உப்பு நிறைய. பிரஷர் உள்ளவங்க அளவாத்தான் சாப்பிடணும். இங்க வாய்ப் புத்துநோய்க்கு அது காரணமில்லன்னு மட்டும் சொல்லலாம்."

"அது போதும் எங்களுக்கு," என்றாள் அவள். மண்டபம் சிரித்தது.

அடுத்து வித்யாலட்சுமி வெற்றிலையைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு அடங்கியது. கன்னத்தில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் எதுவானாலும் இன்றைக்கே காட்டலாம், பல் வைத்தியர்கள் வந்திருக்கிறார்கள் என்றார். யாரும் அசையவில்லை. நளீபா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் ஒட்டுக்க வாய மூடி ஈக்கிறீங்க? வேற நாளையில மூடுறல்லயே," என்றார்.

பெரும் சிரிப்போடு ஒரு கிழவர் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் வரிசை மண்டபத்தைத் தாண்டி, கேற்றைத் தாண்டி, வீதிக்குப் போய்விட்டது. காத்திருப்பவர்கள் உட்காரத் தேவாலயத்திலிருந்து வாங்குகளைத் தூக்கிவந்து வெயிலில் போட்டார்கள். சந்தேகத்துக்குரிய திட்டுகள் சில அன்றே அகப்பட்டன. எல்லாம் ஆரம்ப நிலை, எல்லாம் குணமாக்கக்கூடியவை. வித்யாலட்சுமி கையுறையை மாட்டிக்கொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு, வரிசையில் அடுத்து வந்தவரின் தாடையைத் தன் கையால் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.