தக்காளிமேல் போட்ட பழி

காலை பத்து இருபது. பொம்மிடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் மஞ்சு காபித் தட்டோடு வந்து நின்றாள். முதலில் கழுத்து சிவந்தது. பிறகு கன்னம், காது, நெற்றி.

"பொண்ணுக்கு வெக்கத்தப் பாருங்க," என்றார் மாப்பிள்ளையின் அத்தை. "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சு தட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். அவர்கள் கிளம்புவதற்குள் நான்கு முறை.

"வெக்கமெல்லாம் இல்லம்மா. காதுக்குள்ள நெருப்பு வெச்ச மாதிரி இருக்குது," என்றாள் பிறகு. "ஓசூர் ஹாஸ்டல்லயே இப்படித்தான். என்ன க்ரீம் போடறன்னு கேப்பாளுங்க."

வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த தர்மபுரி மருத்துவர், முகம் சிவப்பதையும் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். செரட்டோனின் (குடலிலும் மூளையிலும் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) உடைந்து வெளியேறும் கழிவு அதில் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமாம். மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, கத்தரிக்காய், தக்காளி கூடாது. அவற்றிலேயே செரட்டோனின் இருக்கிறது.

பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றும் குடும்பம் எங்களுடையது. இரண்டு நாள் புளியை மட்டும் வைத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் அவள் எதையும் சாப்பிடவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே இரண்டு பழத்தை வதக்கிச் சட்னி அரைத்துவிட்டேன். அவள் தட்டை வழித்துத் தின்றாள்.

பரிசோதனை முடிவில் அந்தக் கழிவின் அளவு எகிறியிருந்தது. தடுத்த உணவு எதையாவது சாப்பிட்டாளா என்று மருத்துவர் கேட்டார்.

"தக்காளிச் சட்னிங்க சார். நாந்தான் அரைச்சேன்," என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டதில்லை.

"ரெண்டு பழத்துக்கு இவ்ளோ ஏறாதும்மா. எதுக்கும் பத்து நாள்ல திரும்பப் பண்ணிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சிரித்தார். "நாம வெளைய வெச்சது நம்மளயே பயமுறுத்திருச்சு பாரு."

பத்து நாள் மூன்று மாதமானது. காய் பறிப்பு அவருக்கு, பள்ளித் தேர்வுப் பணி எனக்கு. சமையலில் தக்காளியை நிறுத்தினேன். அவள் சிவந்துகொண்டுதான் இருந்தாள். நானோ குழம்பில் இன்னும் எது மிச்சம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

தக்காளி தொடாமல் செய்த இரண்டாவது பரிசோதனையில் அளவு முதலில் வந்ததைவிட அதிகம். ஸ்கேனில் சிறுகுடலில் கட்டி, கல்லீரலில் புள்ளிகள். கார்சினாய்ட் (மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றுக்கட்டி) என்றார்கள். அந்தக் கட்டியே செரட்டோனினைச் சுரக்கிறது. பொம்மிடிக்காரர்களின் போன் அந்த வாரமே நின்றது.

இதே பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உணவுப் பட்டியலை எழுதி வாங்கி அடுப்புக்கு மேலே ஒட்டுங்கள். அளவு கூடி வந்தால் அதற்குச் சாக்குத் தேடாதீர்கள். நான் தேடினேன், உடனே கிடைத்தது.

இப்போது மாதம் என்றால் எனக்கு, மஞ்சுவுக்குப் போடும் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவிலுள்ள நாட்கள்தான். சுரப்பை அடக்கும் ஊசி அது. காய் நறுக்கும்போது கத்தி என் விரலில் பட்டால் துணி தேடுவதில்லை, பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தட்டணுக்கள் (இரத்தத்தை உறைய வைக்கும் நுண்ணணுக்கள்) அங்கே செரட்டோனினை விடுகின்றன. இரத்தக்குழாய் சுருங்குகிறது, பிறகு புதுத் தசை ஊறி வெட்டு மூடுகிறது. எனக்கு ஒரு சொட்டு போதுமாக இருக்கிறது. என் பெண்ணுக்குள் அது ஓயாமல் ஊற்றுகிறது.

கட்டியை அறுத்தெடுக்க, இதயத்துக்கான டாக்டர் சம்மதிக்க வேண்டும். அவர் சேலத்திலிருந்து வியாழக்கிழமைகளில் மட்டும் வருகிறவர். நேற்று காலை பத்து மணியிலிருந்து எக்கோ (இதயத்தை ஒலியலையால் பார்க்கும் பரிசோதனை) அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். "டாக்டர் வந்தா நீ பேசாதம்மா. நீ பேசினா எல்லாமே சட்னியாயிடும்," என்றாள் மஞ்சு. இரண்டேகாலுக்கு வந்தார். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"கட்டி ஆபரேஷன் இப்ப முடியாதும்மா. அந்தச் செரட்டோனின் பட்டுப் பட்டு இதயத்துல வலது பக்க வால்வு தழும்பேறித் தடிச்சுப்போச்சு. மயக்கம் குடுத்தா இதயம் தாங்காது. மொதல்ல வால்வ மாத்தணும்."

மகளின் பேச்சை மீறிக் கேட்டேன். "நெஞ்ச அறுத்தா அந்தப் புண்ணாச்சும் ஆறுமாங்க?"

"அது ஆறும்மா," என்றார். "காயமே இல்லாத எடத்துல தழும்பு கட்டிக்கிட்டே போகுதே, அதத்தான் எங்களால நிறுத்த முடியல."