மொதுகு இல்லாத மாதா

நான் பேசுறேன், செல்வி கம்ப்யூட்டர்ல அடிக்கிறா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். ஆனா நம்ம பொம்மை கம்பெனில முப்பது வருஷத்துக்கு மேல தட்டிப் பாக்குற வேலை எனக்கு. புதுசா வேலைக்கு வந்த புள்ளைங்க, "ஆயா, செல்வியக்கா சாமிய அழிச்சாங்களாமே, நெசமா?"ன்னு கேக்குதுங்க. ஆளுக்கொரு கத சொல்றாங்க. நானே சொல்லிப்புடுறேன்.

தட்டிப் பாக்குறதுன்னா, சூளைலேருந்து வர்ற பொம்மைய இடது கையில ஏந்திகிட்டு வெரல் கணுவால ஒரு தட்டு. நல்ல பொம்மை ணங்குனு பேசும். உள்ள மயிர்க்கோடு விட்டிருந்தா டொக்குன்னும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் வூட்டுக்காரரு இருந்த வரைக்கும் சொல்லுவாரு, "வூட்டுல சோத்துப்பானையக் கூட தட்டிட்டுத்தான் வெக்கிறா"ன்னு. தட்டுவேன், அதுக்கென்னா.

அந்த வருஷம் மாதா கோயிலு கிறிஸ்துமஸ் குடிலுக்கு பெரிய பொம்மைங்க கேட்டு ஆர்டர் வந்துச்சு. மாதா, சூசையப்பரு, கொழந்த, மூணு ராசா, ஆடு மாடு எல்லாம் சேத்து பதினாலு. பழைய பிளாஸ்டர் மோல்டுங்க, அதான் அச்சுங்க, ஊத்தி ஊத்தி தேஞ்சு போச்சு. மூக்கே தெரியல. புது மோல்டு எடுக்கணும்னா கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபைலுதான் கதி, அதப் பாத்து மிஷினு பலகைல வெட்டும், அதுல பிளாஸ்டர் ஊத்தி மோல்டு எடுப்போம். களிமண்ணுல செஞ்ச மாடலு இல்லியான்னு கேப்பீங்க. படம் புடிச்சி கம்ப்யூட்டர்ல ஏத்துன அன்னிக்கே அத தண்ணில ஊறப்போட்டு தொட்டில கரைச்சிடுவோம். மண்ண வீணாக்க மாட்டோம், அதான் நம்ம எடத்து வழக்கம்.

கம்ப்யூட்டர்ல எடம் இல்ல, புது ஃபைலு ஏற மாட்டேங்குதுன்னு செல்வி ரெண்டு நாளா பொலம்பிகிட்டு இருந்தா. நல்லூர்லேருந்து பஸ்ஸுல வர்ற பொண்ணு. வூட்டுக்காரன் இல்ல, அவ சம்பாத்தியத்துலதான் ரெண்டு பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போவுது. (இத எழுத வேணாம்ங்கிறா. நீ அடிடீ.)

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி என்னைக் கூப்ட்டா. "ஆயா, இங்க வாங்களேன். டூப்ளிகேட் கண்டுபுடிக்கிற சாஃப்ட்வேர் போட்டேன். ஒரே பேரு, ஒரே சைஸு, எல்லாம் ரெட்டை ரெட்டையா இருந்துச்சு. ஒண்ணு ஒண்ணு வெச்சிட்டு மிச்சத்த அழிச்சிட்டேன். பாதி எடம் காலி!" மொகமெல்லாம் சிரிப்பு.

எனக்குப் படிக்கத் தெரியாது, படம்தான் பாப்பேன். வரிசையா சின்னச் சின்னதா படம். மாதா மொகம், சூசையப்பரு தாடி, ராசா கிரீடம்.

"ஏ புள்ள, எல்லாம் இங்கிட்டு பாத்தே நிக்கிதே. மொதுகு எங்கடீ?"

"என்ன மொதுகு?"

கேட்டுட்டு அவளே நிறுத்திட்டா. ஒரு ஃபோல்டரத் தொறந்தா, காலி.

ஒரு பொம்மைக்கு மோல்டு ரெண்டு பாதி. முன்பாதிக்கு ஒரு ஃபோல்டரு, பின்பாதிக்கு ஒரு ஃபோல்டரு. ரெண்டுலயும் மாதான்னா மாதான்னே பேரு. ஒரே அளவு பலகைல வெட்டுறதால ஃபைலு சைஸும் அச்சு அசலா ஒண்ணு. உள்ள இருக்குறது ஒண்ணான்னு பாக்குறதுக்கும் அந்த சாஃப்ட்வேர்ல ஒரு டிக்கு உண்டாம். நேரமாவும்னு இவ அத எடுத்துட்டா. பேரும் சைஸும் பாத்துது, சரி ரெட்டைன்னு முடிவு பண்ணிடுச்சு. பதினாலு பொம்மைக்கும் மொதுகு போச்சு.

"குப்பைத் தொட்டில இருக்குமில்ல?"

"இல்ல ஆயா. நேரா அழிக்கிறதுக்கு டிக்கு போட்டுட்டேன்."

கம்ப்யூட்டரு ரிப்பேரு பாக்குற பாஸ்கருக்கு போன் போட்டா. அவரு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டாண்ட கடை வெச்சிருக்காரு. "அக்கா, எதையும் தொடாதீங்க! ஒண்ணும் சேவ் பண்ணாதீங்க. அழிஞ்சதுக்கு மேல வேற எழுதிடுச்சின்னா கெடைக்காது"ன்னு கத்துறாரு. போனுக்கு வெளில எனக்கே கேக்குது. அரை மணில வந்துட்டாரு.

அதுக்குள்ள மொதலாளியும் வந்துட்டாரு. கதவுலயே நின்னுகிட்டு கேட்டாரு, "எடம் காலி பண்ணச் சொன்னா கம்பெனியவே காலி பண்ணிட்டியா? இன்னிக்கி மிஷின்ல ஏத்துனாதான் மோல்டு காஞ்சி தேதிக்கு முடியும். சாயங்காலத்துக்குள்ள பதினாலும் வரணும். வரலன்னா நாளைலேருந்து நீ வர வேணாம்."

செல்வி தலைய குனிஞ்சிகிட்டா. நான், "திட்டுறத பொறவு திட்டுங்க மொதலாளி, அந்தத் தம்பிக்கு வழி வுடுங்க"ன்னேன். என்னைத் தவுர ஒருத்தரும் அவர்ட்ட அப்படி பேச மாட்டாங்க.

பாஸ்கரு எதையோ ஓட விட்டாரு. பச்சைக் கோடு ஊருது, ஊருது. நான் ஜெபமாலைய உருட்டிகிட்டு கோட்டையே பாத்துகிட்டிருந்தேன். நாலு மணி சுமாருக்கு பதினாலு மொதுகும் வந்துடுச்சு. செல்வி கையெடுத்து கும்பிட்டா. மொதலாளி, "அனுப்பு, அனுப்பு, மிஷின்ல ஏத்து"ன்னாரு.

எனக்கு மனசு ஆறல. சூளைலேருந்து வந்தது நேரா பொட்டிக்குப் போவுமா? "தம்பி, தட்டிப் பாக்கலியா?"

பாஸ்கரு சிரிச்சாரு. "சரியாத்தான் கேக்குறீங்க ஆயா. ஃபைலுக்கும் கைரேகை இருக்குது. செக்சம்னு பேரு. உள்ள ஒரு புள்ளி மாறினாக்கூட ரேகை வேறயாயிடும். இந்தக் கம்ப்யூட்டர மாட்டி ஃபைல ஏத்துனப்பவே எல்லாத்துக்கும் ரேகை எடுத்து லிஸ்ட்டு போட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு சட்டுனு புரிஞ்சிது. நான் கைநாட்டுக்காரி. லூர்துமேரிங்கிற என் பேரு ஆயிரம் பேருக்கு இருக்கலாம், என் பெருவெரலு ஒண்ணுதான்.

ஒண்ணொண்ணா பாத்தாரு. பச்சை. பச்சை. ஆட்டுக்குப் பச்சை, மாட்டுக்குப் பச்சை. பதிமூணு பச்சை. கடைசில மாதா. செவப்பு.

"தொறந்து காட்டு"ன்னாரு மொதலாளி. தொறந்தாங்க. முக்காடு, மடிப்பு எல்லாம் அழகாத்தான் இருந்துச்சு. "நல்லாத்தானய்யா இருக்குது? மொதுகுதானே, செவுத்துப் பக்கம் போறது. எவன் பாக்கப் போறான்? அனுப்பு."

செல்வி என்னைப் பாத்தா. அனுப்பிட்டா அவ வேலை தப்பிச்சிடும், அது எனக்கும் தெரியும். ஒரு நிமிஷம் நானும் வாய மூடிகிட்டுதான் இருந்தேன். பொய் சொல்லல, இருந்தேன்.

அவதான் சொன்னா. "வேணாம் சார். பாக்காம அழிச்சதாலதான் இவ்ளோ. பாக்காம அனுப்ப மாட்டேன்."

பாஸ்கரு படத்தப் பெருசாக்கிகிட்டே போனாரு. முக்காட்டு மடிப்புல, கழுத்துக்குக் கீழ, குறுக்கால தலைமுடி கணக்கா ஒரு கோடு. அந்த எடத்துல மட்டும் வேற எதுவோ மேல எழுதிடுச்சாம். அந்தக் கோட்டோட மிஷினு வெட்டியிருந்தா மோல்டுலயும் கோடு, ஊத்துற பொம்மை அத்தனையும் சூளைல கழுத்துகிட்ட விரிஞ்சிருக்கும். மொதலாளி கைக்குட்டைய எடுத்து மொகம் தொடச்சாரு.

"வேற எங்கியாவது காப்பி இருக்கா?"ன்னாரு பாஸ்கரு.

மோல்டு வெட்டுற மிஷினு அந்தோணியோடது, அவன் இல்லன்னா அவன்கிட்ட வேலை பாக்குற பசங்க ஓட்டுவாங்க. ஃபைலெல்லாம் பென்டிரைவுல வாங்கிட்டுப் போவான். அன்னிக்கின்னு பாத்து திட்டக்குடில மச்சினிச்சி வூட்டு விசேஷம். பத்து தடவ அடிச்சும் போனு எடுக்கல. பதினோராவது தடவ எடுத்து, "பந்தில ஒக்காந்திருக்கேன், பாயசம் வந்துகிட்டிருக்கு"ன்னான். நான் போனைப் புடுங்கி, "எலைய மூடிட்டு கெளம்புடா, மாதா மொதுகு ஒன்கிட்டதான் இருக்குது"ன்னேன். குடிச்சிருக்கியா ஆயான்னு கேட்டான், படுபாவி.

வெளிச்சம் எறங்குற நேரத்துக்கு வந்தான். சாவிக்கொத்துல ஜெபமாலை, அதுக்குப் பக்கத்துல பென்டிரைவு. ஃபுல்லா பக்திப் பாட்டு. "போன வருஷம் வெட்டிப் பாத்தது, அழிச்சேனா இல்லியான்னு தெரியல"ன்னான். பாட்டுக்கெல்லாம் அடில ஒரு ஃபோல்டரு. அதுல மாதா.

இப்ப யாரும் "நல்லாருக்கு, அனுப்பு"ன்னு சொல்லல. மொதலாளியே, "மொதல்ல ரேகைய பாருங்க"ன்னாரு. பாஸ்கரு தட்டுனாரு. செல்வி கண்ண மூடிகிட்டா. அவ கைய நான் புடிச்சிகிட்டேன்.

"பச்சை"ன்னாரு பாஸ்கரு. எனக்கு ணங்குனு கேட்டுது, நெசமா.

அன்னிக்கே மிஷினு ஓடுச்சு. செல்விய வர வேணாம்னு சொன்ன பேச்ச மொதலாளி மறுபடி எடுக்கல. பின்பாதி ஃபைலுக்கெல்லாம் பேருல 'பின்'னு சேத்தா செல்வி. டூப்ளிகேட் தேடுனா இப்ப உள்ள இருக்குறதப் பாக்குற டிக்க எடுக்க மாட்டா, எத்தினி நேரமானாலும் சரி. அழிக்கிறதுக்கு முன்னாடி காப்பி ஒண்ணு வேற எடத்துல இருக்கணும், அந்தக் காப்பிக்கும் ரேகை பாத்திருக்கணும். புதுசா வந்த புள்ளைங்களே, நான் சொல்ல வந்தது இதான். பேரப் பாத்து அழிக்காதீங்க, மொகத்தப் பாத்து அனுப்பாதீங்க. தட்டிட்டு செய்யுங்க.

பண்டிகைக்கு நாலு நாளு முன்னாடி காலையில கோயில்ல குடில் கட்டுறாங்கன்னு போனேன். சனங்க மாதா மொகத்தப் பாத்து கன்னத்துல போட்டுகிட்டு நிக்கிது. நான் வைக்கோல ஒதுக்கிட்டு பின்பக்கமா பூந்து, மொதுகுல மெதுவா ஒரு தட்டு தட்டுனேன்.

சாமியாரு பாத்துட்டாரு. "என்னம்மா, அங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல ஃபாதர்," எந்திரிச்சி சேலைய ஒதறிகிட்டேன். "செல்வி வேலை பத்திரமா இருக்குதான்னு பாத்தேன். இருக்குது."